மஞ்சள் என்றால் இடிப்பது

வீரய்யா தன் வாழ்நாளில் நாலாயிரத்து நூற்றுப் பதினேழு கட்டடப் பிளான்களுக்கு நிறம் தீட்டினார். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, தேதி போட்டு, நீலத் துணி ஒட்டிய கொப்பியில் எழுதிவைத்ததால் இந்தக் கணக்கில் ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே காலத்தில் கண்டி நகரில் ஓவியர் என்று சொல்லிக்கொண்டு தாடி வளர்த்தவர்கள் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரும் தீட்டியதை ஒன்றாகக் குவித்தாலும் வீரய்யாவின் ஒரு வருட வேலைக்குக் காணாது. ஆனால் வீரய்யாவை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் அதை வசவாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அவர் பிறந்தது 1917 பெப்ரவரி 11ஆம் தேதி, ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தகப்பன் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்கு அச்சுத் தகடு வைத்து எழுத்துப் பதிப்பவர். பதினெட்டு வயதில் வீரய்யா கண்டிக்கு இறங்கி, ஒரு பறங்கிச் சேவயரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எட்டு வருடம் சங்கிலியோடு காடு மேடெல்லாம் நடந்தார். 1943இல் அந்தக் கந்தோரில் பிளானுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தவர் பட்டாளத்துக்குப் போய்விட, தூரிகை வீரய்யாவின் கைக்கு வந்தது. 1979இல் கண் மங்கும்வரை அதை அவர் கீழே வைக்கவில்லை.

அந்தத் தொழிலில் நிறம் என்பது ரசனை அல்ல, கட்டளை. புதிதாகக் கட்டப்போவது சிவப்பு. இடிக்கப்போவது மஞ்சள். ஏற்கெனவே இருப்பது கறுப்பு. தண்ணீர் நீலம். நாலே நிறம். ஊதா, ரோசா, கிளிப்பச்சை எல்லாம் சேலைக் கடைக்கு. ஒரு கட்டத்துக்குத் தவறான நிறம் பட்டால் ஒருவனுடைய சுவர் போய்விடும். வீரய்யா முப்பத்தாறு வருடத்தில் இரண்டு முறை பிசகினார். அந்த இரண்டு தேதிகளையும் கொப்பியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

இந்தக் கட்டளை அவருடைய வீட்டுக்குள்ளும் நடந்தது. 1946இல் கல்யாணமான புதிதில் மனைவி சுந்தரி, சுவருக்கு இளமஞ்சள் அடிக்கலாம் என்றாள். வீரய்யா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

"மஞ்சளா? வீட்டுக்கா? குடி வந்து ஒரு மாசம் ஆகல, இடிக்கிறதுக்கு நாள் பாக்குறியா?"

"ஊரெல்லாம் மஞ்ச அடிச்சிருக்கான். அவன் வீடெல்லாம் இடிஞ்சா போச்சி?"

"அவனுக்கெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும்."

சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். சுந்தரி அதற்குப் பிறகு கதவுக்கு மஞ்சள் பூசும்போதுகூட அவர் கந்தோருக்குப் போன பிறகுதான் பூசினாள்.

வீடு என்றால் பெரிய வீடில்லை. பேராதனை வீதியிலிருந்து கட்டுகலைப் பக்கமாக மெத எல ஓடைக்கு இறங்கும் ஒரு சந்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி ஐந்து வீடுகள். ஒவ்வொன்றும் முன்பக்கம் பன்னிரண்டடி, உள்ளே பதினெட்டடி. வீரய்யாவுடையது மூன்றாவது. ஐந்தாவது வீட்டில் தையல்காரர் ஜவாஹிர் நானாவும் மனைவி றலியாவும் ஆறு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஐந்தாம் வீட்டுக்கு மட்டும் பின்மூலை இல்லை. ஓடைக் கரையை விட்டுக் கட்ட வேண்டும் என்று முன்னொரு காலத்தில் மூன்றடியைச் சாய்வாக வெட்டிவிட்டார்கள். அதனால் ஜவாஹிர் நானாவின் அலுமாரி ஒருபோதும் சுவரோடு ஒட்டி நின்றதில்லை. "எங்கட அலுமாரி தொழுகைக்கு நிக்கிற மாதிரி ஈக்கிது, கிப்லாப் பக்கம் திரும்பி" என்பார் அவர். ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. நாலடிக் குறுக்களவு.

வீடுகளின் சொந்தக்காரர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் முப்பது வருடம் பிரக்கிராசியாக நீதிமன்றம் ஏறியவர். குடியிருப்பவர்களை எழுப்பச் சட்டம் இலேசில் விடாது என்பதை மற்றவர்களுக்குச் சொல்லியே சம்பாதித்தவர். தனக்கு அந்தச் சட்டம் குறுக்கே நின்றபோது அது அவருக்குப் பிடிக்கவில்லை. 1963 ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவரே சந்துக்குள் இறங்கி வந்தார். அதற்கு முன் அவர் அந்தச் சந்துக்குள் கால் வைத்தது 1951இல். அதுவும் ஒரு மரண வீட்டுக்கு.

"வீரய்யா, கூரை இனித் தாங்காது" என்றார், கதிரையின் நுனியில் இருந்துகொண்டு. "பிள்ளையள் இருக்கிற இடம். எனக்கு நித்திரை வருகுதில்லை. மூண்டு மாசம் எல்லாரும் வெளியிலை இருங்கோ. ஓடு மாத்தி, மரம் மாத்தித் தாறன். திரும்ப வாங்கோ. ஒரு சின்னக் கடதாசி இருக்கு, எல்லாரும் ஒப்பம் வைச்சாக் காணும்."

"எந்த நாளுக்குங்க ஐயா?"

"செப்டெம்பர் இருபத்திமூண்டு, திங்கக்கிழமை. அவசரமில்லை. ஆனால் பிந்தவும் கூடாது."

அவர் சுந்தரி கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். அதற்கு முன் அந்த வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தவரல்ல. வீரய்யா அதைக் கவனித்தார்; ஆனால் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லத் தெரியவில்லை. தேத்தண்ணிக்கு நிறக் கட்டளை இல்லையே.

ஐந்து குடும்பமும் நம்பின. சுந்தரி நாவலப்பிட்டியில் இருக்கும் தம்பிக்குக் கடிதம் எழுதினாள். ஜவாஹிர் நானா அலவத்துகொடவில் மனைவியின் தாய்வீட்டில் ஒரு அறை பேசிவைத்தார். சாமான் கட்டச் சாக்கும் கயிறும் வாங்கியாயிற்று. வீரய்யாவும் நம்பினார் என்பதைத்தான் பிற்காலத்தில் அவர் தனக்கே மன்னிக்கவில்லை. அதற்குள் இரண்டாயிரத்துக்கு மேல் பிளான் பார்த்துவிட்ட மனிதன், பிளான் காட்டாமல் பேசிய ஒருவனை நம்பினார்.

பிரக்கிராசிக்கு ஒரே மகன். பெயர் குலவீரசிங்கம். இலண்டனில் இரண்டு வருடம் ஏதோ படித்து, அதை முடிக்காமல் திரும்பி வந்திருந்தான். தகப்பன் வைத்த பெயர் ஓவியத்தின் மூலையில் கொள்ளாது என்று அதைக் 'குலா' என்று வெட்டிக்கொண்டான். வயது இருபத்தேழு. அவன் வரைந்ததில் மரம் இல்லை, மனிதன் இல்லை, ஒரு பூனைக்குட்டிகூட இல்லை. கட்டம், வட்டம், முக்கோணம் மட்டும். ஒன்றின் படத்தை வரைவது அடிமை வேலை, நிறமும் வடிவமும் தம் காலில் நிற்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அவன் தன் காலில் நின்றதற்கு எந்தப் பதிவும் இல்லை. சாப்பாடு தகப்பன் வீட்டில், உடுப்பு தகப்பன் வாங்கியது, சாயம் தகப்பன் பணம்.

கண்டியில் இவனைப் போன்ற சிலர் சேர்ந்து 'நவகலை வட்டம்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வட்டத்தில் ஒன்பது பேர். அதில் வட்டம் ஒன்றை ஒழுங்காக வரையக்கூடியவர் ஒருவருமில்லை. செப்டெம்பர் 21 சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் குலாவின் கண்காட்சி. நாற்பத்திரண்டு படங்கள். படங்களுக்குக் கீழே பெயர் அட்டை வைக்க வேண்டும். எழுத ஆள் தேவை. நகரத்தில் கோணாத எழுத்து யாருடையது என்று கேட்டபோது வீரய்யாவைக் காட்டினார்கள். இருபத்து நாலு மணி நேரமும் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒன்பது பேருக்கும் தங்கள் அட்டையைத் தாங்களே எழுதத் தெரியவில்லை.

வீரய்யா நாற்பத்திரண்டு அட்டைகளையும் எழுதினார். 'அமைப்பு இல. 1', 'அமைப்பு இல. 2' என்று நாற்பத்திரண்டு வரை. எழுதும்போது சுந்தரி எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, பெத்த புள்ளைக்குப் பேரு வைக்காம நம்பர் போட்டிருக்கான்?"

"ஜெயில்ல அப்பிடித்தான்" என்றார் வீரய்யா.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அட்டைகளை ஒட்டுவதற்காக மண்டபத்துக்குப் போனார். உள்ளே யாருமில்லை, காவல்காரன் மட்டும் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். வீரய்யா ஒன்றிலிருந்து ஆறு வரை ஒட்டினார். படங்களைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கட்டம் போடுவதில் இருக்கும் சோம்பேறித்தனத்தைப் பார்த்தார். மூலைகள் சேரவில்லை, ஒரு கோடு தடிப்பாக ஆரம்பித்து மெல்லியதாக முடிந்தது. தன் கந்தோராக இருந்தால் இந்த ஆளை முதல் நாளே சங்கிலி பிடிக்க அனுப்பியிருப்பார்.

ஏழாவது படத்துக்கு முன்னால் வந்து அட்டைக்குப் பசை தடவினார். தடவிய கை அப்படியே நின்றது.

நாலடி அகலம், மூன்றடி உயரத் துணி. வெள்ளைத் தளம். நடுவில் ஐந்து மஞ்சள் கட்டங்கள், ஒன்றோடொன்று ஒட்டி, வரிசையாக. அவற்றைச் சுற்றி ஒரு பெரிய சிவப்புச் சட்டம். கீழே குறுக்காக ஒரு நீலக் கோடு. ஒரு பக்கத்தில் ஒரு நீல வட்டம். மேலே ஒரு கறுப்பு முக்கோணம். மஞ்சள் நல்ல மஞ்சள்; தூரிகைத் தடம் தெரியாமல் போட்டிருந்தான். அதை வீரய்யா மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கண் ஐந்தாவது கட்டத்திலேயே நின்றது. அதன் கீழ்மூலை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது.

சட்டைப் பையில் இருந்த ஆறங்குல அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு கட்டமும் ஆறு அங்குலம் அகலம், ஒன்பது அங்குலம் நீளம். வெட்டுப்பட்ட மூலை ஒன்றரை அங்குலம். கட்ட அனுமதி கேட்டு மாநகர சபைக்குக் கொடுக்கும் பிளான் அங்குலத்துக்கு எட்டடி என்ற கணக்கில் இருக்கும். அதை நாலு மடங்கு பெருப்பித்தால் அரை அங்குலத்துக்கு ஓரடி. ஆறு அங்குலம் பன்னிரண்டடி. ஒன்பது அங்குலம் பதினெட்டடி. ஒன்றரை அங்குலம் மூன்றடி.

வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வீரய்யா மூன்றாவது மஞ்சள் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அதற்குள்தான் சுந்தரி அந்த நேரம் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

மேசையில் விளக்கப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து ஏழாம் இலக்கத்தைப் பார்த்தார். குலா தானே எழுதியது: 'மஞ்சள், விடியும் மனம். சிவப்பு, அதை அணைத்து நிற்கும் காதல். வெட்டுண்ட மூலை, நவீன மனிதனின் காயம். நீல வட்டம், பூரணம். கறுப்பு முக்கோணம், மேல்நோக்கும் ஆன்மாவின் தாகம். இந்தப் படைப்பு உலகில் உள்ள எதனுடைய சாயலும் அன்று.'

ஆன்மா இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. சந்துக்கு வடக்கு அந்தப் பக்கம்தான். அது பிளானில் போடும் வடக்குக் குறி. அதைக்கூட இந்த மூடன் விடாமல் பெருப்பித்து வைத்திருந்தான்.

ஏழாவதோடு சேர்த்து மீதி முப்பத்தாறு அட்டைகளையும் வீரய்யா ஒட்டினார். ஒன்றுகூடக் கோணவில்லை. பிறகு வீட்டுக்கு நடந்தார்.

ஜவாஹிர் நானா தையல் மெஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, சாக்க அவுருங்க" என்றார் வீரய்யா.

"என்ன வீரய்யாண்ணே, இப்பதான் கட்டினது. திங்கக்கெழம லொறி வருகுது."

"ஓடு மாத்துறதுக்கு இல்ல. வீட்டையே இடிக்கிறதுக்கு. சிவப்புல பெருசா ஒண்ணு கட்டப்போறாங்க. கடை வரிசையா இருக்கும்."

"யாரு சென்னது?"

"யாரும் சொல்லல. ஒரு படத்துல பாத்தேன்."

ஜவாஹிர் நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "சிவாஜி படமா, எம்ஜியார் படமா?"

"நானா, உங்க மூலை அதுல இருக்கு."

இதைக் கேட்டதும் ஜவாஹிர் நானா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். அந்த மூலையோடு பதினாறு வருடம் மல்லுக்கட்டியவர் அவர். வீரய்யா ஒரு காகிதத்தில் கட்டங்களைப் போட்டு, அளவை எழுதி, ஒவ்வொன்றாகச் சொன்னார். சுந்தரியும் றலியாவும் வாசலில் நின்று கேட்டார்கள்.

"மகன் தெரியாமக் கீறியிருப்பான். தகப்பன் மேசையில கெடந்தத பாத்து" என்றார் வீரய்யா. "பிளானை கொழும்புல செஞ்சிருக்கணும். இங்க செஞ்சிருந்தா என் கைக்கு வந்திருக்கும்."

"ஒங்கட கணக்குப் பிழைச்சிச்செண்டா?" என்று கேட்டாள் றலியா. "எங்கட பேச்சுக் கேட்டு அவர் கோவிச்சிட்டாரெண்டா, கூரையும் இல்ல, வீடும் இல்ல."

வீரய்யாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு படத்தைக் கொண்டுபோய் யாரிடம் முறையிடுவது? சபைக் கந்தோர் சனி, ஞாயிறு பூட்டு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பிரக்கிராசி கடதாசியோடு வந்துவிடுவார். வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்றுதான் அதில் எழுதியிருக்கும். ஒருவர் ஒப்பம் வைத்துவிட்டாலும் மற்ற நாலு பேரும் நிற்க முடியாது. ஒரே கூரை.

"அப்பிடீன்னா அவர் வாயாலயே கேட்டுட்டு வாங்க" என்றாள் சுந்தரி. "நாலு பேரு இருக்கிற எடத்துல கேளுங்க. தனியா கேட்டா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவாரு."

மாலை ஐந்தரைக்கு வீரய்யாவும் ஜவாஹிர் நானாவும் மண்டபத்துக்குப் போனார்கள். எழுபது பேர் அளவில் வந்திருந்தார்கள். விளக்கேற்றும் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் படங்களுக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்றார்கள். தலையைச் சாய்த்தால் விளங்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தோட்டத்துரை மனைவி மூன்றாம் படத்தைப் பார்த்துக் கண் துடைத்தாள். ஒரு வங்கி முகாமையாளர் விளக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, புத்தகத்தில் சோகம் என்று போட்ட இடத்தில் சோகமாகவும், ஆனந்தம் என்று போட்ட இடத்தில் ஆனந்தமாகவும் நின்றார். மயில்வாகனம் முன்வரிசைக் கதிரையில் பட்டுச் சால்வையோடு இருந்தார். மகனுடைய படங்களை அவர் அதுவரை பார்த்ததே இல்லை, அன்றும் பார்க்கவில்லை. வந்திருந்த பெரிய மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு விமர்சகர் ஏழாம் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். பதினெட்டு நிமிடம் பேசினார். "இங்கே நிறம் எதையும் சொல்லவில்லை. வடிவம் எதையும் சுட்டவில்லை. இது உலகத்தின் பிடியிலிருந்து விடுபட்ட தூய சதுரம்" என்றார். சதுரம் அல்ல, நீள்சதுரம், ஆறுக்கு ஒன்பது. கைதட்டினார்கள்.

கைதட்டு ஓய்ந்த இடத்தில் வீரய்யா கையைத் தூக்கினார். அந்தக் கையில் அளவுகோல் இருந்தது.

"ஐயா, ஒரு சின்ன திருத்தம்."

எல்லோரும் திரும்பினார்கள். வேட்டி, கோட்டு, காதில் பென்சில். பெயர் அட்டை எழுதிய ஆள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"படம் சரியாத்தான் இருக்கு. வடக்கு சரியா இருக்கு. ஓடையும் சரி. கெணறு மட்டும் பெருசா போயிடுச்சி. ரெண்டு அங்குலம் போட வேண்டியத ஆறு அங்குலம் போட்டிருக்கீங்க. பன்னெண்டடிக் கெணறு. அதுல பெரஹெர ஊர்வலத்து யானையையே குளிப்பாட்டலாம்."

சிலர் சிரித்தார்கள். குலா முன்னுக்கு வந்தான். "என்ன கிணறு? ஐயா, இது கிணறில்லை. இது பூரணம்."

"பூரணத்துல நாங்க பதினேழு வருஷமா தண்ணி மொள்ளுறோம் தம்பி" என்றார் வீரய்யா. "இது கட்டுகலைச் சந்து. இந்த அஞ்சும் எங்க வீடு. மூணாவது என்னோடது. இந்த மூலை..."

"அது எண்ட மூலை" என்றார் ஜவாஹிர் நானா, பின்னாலிருந்து. "நவீன மனிசனுக்கு ஒண்டுமில்ல. எண்ட அலுமாரிக்குத்தான் காயம்."

இப்போது மண்டபம் பெரிதாகச் சிரித்தது. விமர்சகர் சிரிக்கவில்லை. பதினெட்டு நிமிடம் பேசியவர் அல்லவா. அவர் குலாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "இவர் சொல்வது என்ன? இது ஏதோ ஒரு பிளானின் பிரதியா?"

குலா ஒன்றும் தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வீரய்யாவிடம் அளவுகோலைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. ஆனால் பிரதி என்ற சொல் அவனுடைய தலையில் ஏறிவிட்டது. களவு என்று சொல்லியிருந்தால்கூட அவன் அவ்வளவு கொதித்திருக்க மாட்டான்.

"பிரதியோ? ஆர் சொன்னது பிரதி எண்டு?" என்று கத்தினான். "அப்பாவின்ரை மேசையிலை ரெண்டு மாசமாக் கிடந்த கடதாசி அது! செத்த கோடு! சபைக்குக் குடுக்கிற பிளான்! அதிலை உயிர் இருந்ததோ? நான் அதைப் பெருப்பிச்சு, சொல்லுகளை எல்லாம் அழிச்சு, நிறத்தை விடுதலை செய்தனான். அதுதான் கலை!"

"டேய் குலம், வாயை மூடு!" என்றார் மயில்வாகனம், கதிரையை விட்டு எழுந்து. அன்றுதான் அவர் மகனுடைய படத்தை முதன்முறையாகப் பார்த்தார். எழுபது பேரில் அதை உடனே முழுவதுமாக விளங்கிக்கொண்ட இரண்டாவது ஆள் அவர்தான்.

வீரய்யா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, திங்கக்கெழம கையெழுத்து போடச் சொன்னீங்க. கூரைக்குன்னு."

"ஓம். ஓடு மாத்திறதுக்குத்தான். இதென்ன, இந்த இடத்திலை..."

"ஓடு மாத்துறதுக்கு மஞ்ச போடமாட்டாங்க ஐயா. மஞ்சன்னா இடிக்கிறது."

மயில்வாகனம் வாதாடிப் பிழைத்தவர். முப்பது வருடத்தில் பொய்ச்சாட்சியைக்கூட நிமிர்த்தி நிற்கவைத்தவர். அன்று அவருக்கு வாய் திறக்க இரண்டே வழிதான் இருந்தது: பிளான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, அல்லது தன் மகன் சொன்னது பொய் என்று சொல்வது. அவர் சால்வையைச் சரிசெய்தார். பிறகு வெளியே போய்விட்டார். நேரம் ஆறு மணி நாற்பது. வங்கி முகாமையாளர் விளக்கப் புத்தகத்தைப் புரட்டினார். இந்த இடத்துக்கு எந்த முகம் வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடதாசியோடு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் ஐந்து வீட்டிலும் ஒரு பேனை கிடைத்திருக்காது. அன்றைக்கே வீரய்யாவும் ஜவாஹிர் நானாவும் சபைக் கந்தோருக்குப் போய்க் கோப்பைப் பார்க்கக் கேட்டார்கள். விண்ணப்பம் இருந்தது. 'கட்டடத்தில் குடியிருப்போர் எவருமில்லை' என்று அதில் பிரக்கிராசியின் சொந்தக் கையெழுத்து. எல்லோரும் சாமானோடு போனதும் அது உண்மையாகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். ஐந்து குடும்பமும் ஐந்து ஆட்சேபக் கடிதம் கொடுத்தன. ஐந்தையும் எழுதியது வீரய்யா. கடிதத்தின் கீழே பெயர், வயது, வந்த தேதி என்று இருபத்தாறு பேரையும் வரிசைப்படுத்தியிருந்தார். ஒக்டோபர் 3ஆம் தேதி பரிசோதகர் ஒருவர் வந்து தலைகளை எண்ணினார். இருபத்தாறு. றலியாவின் கடைசிக் குழந்தையை அவர் விட்டுவிட்டு எண்ணப் பார்த்தார், வீரய்யா விடவில்லை. நவம்பரில் மயில்வாகனம் விண்ணப்பத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார்.

கூரை ஒழுகியது உண்மைதான். அதை ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரு வாரத்தில் திருத்தினார்கள். வீட்டைவிட்டு யாரும் வெளியே போகவில்லை. வீரய்யா அந்த மூன்றாவது வீட்டிலேயே 1988 மார்ச் 3ஆம் தேதி இறந்தார். குலா 1964இல் மறுபடி இலண்டனுக்குப் போனான். அங்கே கட்டத்தை விட்டுவிட்டு யானை வரைந்து உல்லாசப் பயணிகளுக்கு விற்றான் என்று சொன்னார்கள். இதற்குப் பதிவு இல்லை, கேள்விதான்.

அமைப்பு இலக்கம் ஏழின் கதை தனி. மண்டபத்தைக் காலி செய்த அன்று நாற்பத்தொரு படங்களைக் கார் ஏற்றினார்கள். அதை மட்டும் பின்சுவரில் சாத்திவிட்டுப் போனார்கள். தகப்பன் வீட்டுக்குள் அதை எடுக்கக்கூடாது என்று உத்தரவாம். காவல்காரனிடம் கேட்டு ஜவாஹிர் நானா அதைத் தூக்கி வந்தார்.

"நல்ல கெட்டியான துணி, வீரய்யாண்ணே. விறகுக்கு மழை படாது" என்று கிணற்றடியில் விறகுக் கொட்டிலின் முன்னால் தொங்கவிட்டார். விடியும் மனமும் காதலும் ஆன்மாவின் தாகமும் அன்றுதான் முதன்முதலாக ஒரு உபயோகத்துக்கு வந்தன.

ஒவ்வொரு நாள் காலையும் முகம் கழுவப் போகும்போது வீரய்யா அதைப் பார்த்தார். பதினொரு நாள் பொறுத்தார். ஐந்து வீட்டின் நடுவில், அந்த ஐந்து வீட்டையும் இடிக்கச் சொல்லும் பிளான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒக்டோபர் 12 சனிக்கிழமை மத்தியானம் கந்தோர் விட்டு வரும்போது ஒரு டின் கறுப்பும் ஒரு டின் வெள்ளையும் வாங்கி வந்தார். துணியைக் கழற்றி வாசலில் பரப்பினார். முதலில் சிவப்புச் சட்டத்தை வெள்ளையால் மூடினார். அது உலர்ந்த பிறகு மஞ்சள் கட்டங்கள் ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பால் நிரப்பினார், ஓரம் வழியாமல், இரண்டு பூச்சு. கிணற்றைச் சுற்றி வெள்ளை பூசி இரண்டு அங்குலத்துக்குக் குறுக்கினார். வெட்டுப்பட்ட மூலையை அப்படியே விட்டார்.

ஜவாஹிர் நானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "மஞ்சள்தான் பாக்க நல்லா ஈந்திச்சி" என்றார்.

சுந்தரிக்கும் அப்படித்தான் தோன்றியது. "இப்ப என்னமோ எழவு வீடு மாதிரி இருக்குங்க. இது நல்லாவா இருக்கு?"

"நல்லா இருக்கான்னு யாரு கேட்டா?" என்றார் வீரய்யா. "சரியா இருக்கு."

கீழ்மூலையில் 'குலா' என்று இருந்ததை ஒரு துளி வெள்ளையால் மறைத்து, அந்த இடத்தில் அளவையும் தேதியையும் எழுதினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நீலக் கொப்பியைத் திறந்து அதற்கும் ஒரு இலக்கம் போட்டார். 2306. இடம்: கட்டுகலைச் சந்து. நிறம்: கறுப்பு. குறிப்பு: இருப்பது.